இழுக்கும் கோழி: புறக்கடைக் கோழிகளின் தீராச் சளிக்கு ஒரு நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வரும் பதில்கள்

கோழிகள் அடைந்து தெருவும் அடங்கிய பிறகு கொடாப்பின் அருகே ஒரு நிமிடம் காதைக் கொடுத்து நின்றால் போதும். நலமாக இருக்கும் கோழிகளின் மூச்சு வெளியே கேட்காது. உள்ளே சளி பிடித்த கோழி ஒன்று இருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கரகரப்பும், தண்ணீருக்குள் காற்று புகுவது போன்ற குமிழ்ச் சத்தமும் வரும். பகலில் குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும்போது அதே கோழியிடம் எந்தக் குறையும் தெரியாது. விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இருக்கும் கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில் ஐந்து, பத்து, இருபது என்று கோழி வைத்திருப்பவர்கள் இதைக் "கோழி இழுக்குது" என்பார்கள். ஐப்பசி மழையில் தொடங்கி, மார்கழிப் பனியில் கூடி, வெயில் ஏறியதும் அடங்கி, அடுத்த மழைக்குத் திரும்ப வரும் இழுப்பு இது.

இழுக்கும் கோழியை என்ன செய்வது? அறுத்துவிடுவதா, மருந்து கொடுப்பதா, தடுப்பூசி தேடுவதா, தூதுவளையும் மிளகும் அரைத்துக் கொடுப்பதா, அதன் போக்கில் விடுவதா? ஒவ்வொரு பதிலுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஆனால் பெரும்பாலான பதில்கள் ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் பண்ணைகளுக்காக யோசிக்கப்பட்டவை. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினங்கள் 85.18 கோடி. அவற்றில் 31.7 கோடி வீட்டுப் புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இந்தப் பிரிவு ஏறக்குறைய 46 விழுக்காடு கூடியிருந்தது. 12.08 கோடியுடன் தமிழ்நாடு மாநிலங்களில் முதலிடத்தில் இருந்தது என்றாலும், அந்தப் பெருமையின் பெரும்பங்கு நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளுக்கு உரியது. புறக்கடைக் கோழியின் மூச்சுக்குப் பெரும்பாலும் பண்ணையிலிருந்து கடன் வாங்கிய விடைகளே இதுவரை கிடைத்திருக்கின்றன. அவை எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதை இங்கே பார்க்கலாம்.

நோய்க்குப் பெயர் கிடைத்த வழி

1905இல் இங்கிலாந்தில் டாட் என்பவர் வான்கோழிகளில் கண்ட மூச்சு நோயை விவரித்தார். 1930களில் அமெரிக்காவின் நெல்சன், மெதுவாகத் தொடங்கி நெடுநாள் நீடிக்கும் ஒருவகைக் கோழிச் சளியில் மிக நுண்ணிய உருண்டை வடிவங்களைக் கண்டார். 1943இல் டெலப்ளேன், ஸ்டூவர்ட் இருவரும் இதற்கு 'நாள்பட்ட சுவாச நோய்' என்று பெயர் வைத்தார்கள். அதன் காரணி வைரஸ் அல்ல, செல்சுவர் இல்லாத ஒரு நுண்ணுயிர் என்பதை 1952இல் மார்க்கம், வாங் ஆகியோர் காட்டினார்கள். 1960இல் அதற்கு மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற பெயர் நிலைத்தது.

இந்தக் கிருமியின் நான்கு குணங்களை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் வாதங்கள் பிடிபடும். செல்சுவர் இல்லாததால், சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிக்காது. கோழியின் உடலுக்கு வெளியே இது சில நாட்களுக்கு மேல் தாங்காது. வெயிலும் சோப்பும் உலர்ச்சியும் இதைக் கொன்றுவிடும். உடலுக்குள் போய்விட்டால் தன் மேற்புரதங்களை மாற்றிக்கொண்டே இருந்து எதிர்ப்பாற்றலுக்குப் போக்குக் காட்டும். தேறிய கோழியும் ஆயுள் முழுக்க இதைச் சுமக்கக்கூடும். கடைசிக் குணம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது: தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கும். தொற்று புதிதாக இருக்கும் வாரங்களில் இப்படி இறங்குவது மிகுதி. பிறகு குறையும், ஆனாலும் முற்றாக நிற்பதில்லை.

இந்தக் கிருமி தனியாக வந்தால் வளர்ந்த கோழி பெரும்பாலும் சாவதில்லை. ஈ.கோலி போன்ற துணைக் கிருமி சேர்ந்தால் காற்றுப்பைகளில் சீழ் கட்டி, கோழி நெஞ்செலும்பு தெரிய மெலிந்து போகும். இது மனிதருக்குத் தொற்றி நோய் தருவதில்லை.

எல்லாச் சளியும் ஒரே சளியல்ல

"கோழிக்குச் சளி" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஏழெட்டு நோய்கள் அடங்கியிருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்தைப் பற்றி வாதாடுவதில் பயனில்லை. ஓரிரு நாளில் கூட்டம் முழுக்கப் பரவி, முகம் வீங்கி, கண் மூடி, மூக்கொழுகல் நாற்றமடித்தால் அது பெரும்பாலும் கொரைசா எனும் வேறொரு பாக்டீரியா நோய். இரத்தம் கலந்த சளியைச் சிதறினால் குரல்வளையைத் தாக்கும் வைரஸை நினைக்க வேண்டும். கொண்டையில் கொப்புளமும் தொண்டையில் மஞ்சள் படலமும் இருந்தால் அம்மை. மண்புழு தின்று வளரும் இளங்கோழிகள் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தால் மூச்சுக்குழலில் புழு இருக்கலாம். பச்சையே காணாத கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்தாலும் தொண்டையில் வெள்ளைப் புள்ளிகள் வந்து மூக்கு அடைக்கும்.

கடலை விளையும் இந்த விருத்தாசலம் பகுதிக்கென்று இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோழிக்குப் படுக்கையாகப் போடும் கடலைத்தோல் மழையில் நனைந்து பூசணம் பூத்தால், அந்தப் பூசணத் தூள் நுரையீரலுக்குள் போய் அங்கேயே வளரும். இதற்கு எந்தச் சளி மருந்தும் கேட்காது. பூசணம் பிடித்த பிண்ணாக்கு வேறு வகையில் கெடுதல் செய்கிறது: அதிலுள்ள நஞ்சு கோழியின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து எல்லாச் சளிக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுதான், கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருப்பதை உலகம் அறிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வெள்ளைக்கழிச்சலை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்தியாவின் ராணிக்கேத்தில் அடையாளம் காணப்பட்ட நோய் இது. இதுவும் மூச்சிரைப்போடு தொடங்கலாம். ஆனால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், கழுத்து திருகுதல், நாலைந்து நாளில் கொடாப்பே காலியாதல் என்று இதன் வேகம் வேறு. கோழிகள் திடீரென்று கொத்தாகச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால், அறுக்காமல், கையால் தொடாமல், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுவதே முறை.

அழித்துவிட்டுத் தொடங்கு என்ற வாதம்

முட்டை வழியாக இறங்கும் கிருமியை மருந்தால் வேரறுக்க முடியாது, தாய்க்கூட்டத்தைச் சோதித்துத் தொற்றுள்ளதை நீக்குவதே வழி என்பது இனப்பெருக்கப் பண்ணைகளின் வாதம். அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் 1960களில் இந்தக் கிருமியையும் தன் பட்டியலில் சேர்த்தது. அடைமுட்டைகளை டைலோசின் கரைசலில் முக்குவது, 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கிருமியைக் கொல்வது என்றெல்லாம் முயன்றார்கள். பொரிப்புத் திறனில் ஒரு பங்கை இழந்தாலும் பெரிய தாய்ப்பண்ணைகள் தூய்மையாயின. உலகச் சந்தைக்கு வரும் பண்ணைக் குஞ்சுகள் இன்று பெரும்பாலும் இந்தக் கிருமியின்றி வருவதற்கு இந்த உழைப்பே காரணம். இதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

புறக்கடைக்கு இது ஏன் பொருந்தவில்லை? பண்ணையில் ஒரு கூட்டத்தை ஒரே நாளில் ஏற்றி, ஒரே நாளில் இறக்கி, கூடத்தைக் கழுவிக் காய விடலாம். வீட்டில் அடைக்கோழி ஒன்று, குஞ்சு பத்து, விடலை நாலு, சேவல் ஒன்று என எல்லா வயதும் ஒரே கொடாப்பில் அடைகின்றன. இந்த வீட்டுக் கோழி அந்த வீட்டுக் குப்பையில் மேய்கிறது. ஒருவர் தன் கோழிகள் அனைத்தையும் அறுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் புதிதாக வாங்கினாலும், பக்கத்து வீட்டுச் சேவல் ஒரே நாளில் பழைய கிருமியைக் கொண்டுவந்துவிடும். அடை வைக்க முட்டை வாங்குவது, சந்தையில் பெட்டைக்கோழி பிடிப்பது, உறவினர் வீட்டிலிருந்து விடலைச் சேவல் கொண்டுவருவது எல்லாமே கிருமி நடமாடும் தடங்கள். இதோடு இன்னோர் இழப்பும் உண்டு. தலைமுறைகளாக ஒரு வீட்டில் தங்கிய சிறுவிடை நாட்டுக்கோழி வரிசையை அழித்தால் அதே வரிசை மறுபடி விலைக்குக் கிடைக்காது.

ஆனாலும் இந்த வாதத்தில் ஒரு சிறு பகுதி புறக்கடைக்கு முழுமையாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. அறுக்க வேண்டியது கூட்டத்தை அல்ல; ஒவ்வொரு மழைக்கும் இழுக்கும் அந்த ஒன்றிரண்டு கோழிகளை. குறைந்தபட்சம் அவற்றின் முட்டையை அடைக்கு வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கோழி எப்போது இழுத்தது என்பதை வளர்ப்பவர் மறப்பதில்லை. பத்துக் கோழி வைத்திருப்பவருக்குப் பண்ணைக்காரரைவிட இருக்கும் மேன்மை இது.

மருந்தும், 'குணமாச்சு' என்ற சொல்லும்

தாய்லாந்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து டைலோசின் பிறந்து, 1960களில் சந்தைக்கு வந்தது. டெட்ராசைக்ளின் வகைகள், டியாமுலின், என்ரோபிளாக்சசின் ஆகியவையும் இந்தக் கிருமியைக் கட்டுப்படுத்தும். இவற்றில் ஒன்றைத் தண்ணீரில் கலந்து சில நாள் கொடுத்தால் இழுப்பு குறைகிறது, கோழி தீனி எடுக்கிறது, முட்டை திரும்புகிறது. இது கண்கூடு. கடும் நோயில் உயிர் காப்பதில் மருந்துக்கு உள்ள இடத்தை யாரும் மறுப்பதில்லை.

சிக்கல் 'குணமாச்சு' என்ற சொல்லில் இருக்கிறது. சத்தம் நின்றுவிடுகிறது, கிருமி நிற்பதில்லை. மருந்து நிறுத்திய சில வாரங்களில், அல்லது அடுத்த மழையில், அதே கோழி அதே கரகரப்போடு வருகிறது. இடையில் அது அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளில் சிலவற்றுக்கும் தொற்று இறங்கியிருக்கும். மருந்து கொடுக்காத கோழியிலும், துணைக் கிருமி சேராதிருந்தால், இழுப்பு சில வாரங்களில் தானாகவே தணிவது வழக்கம். ஆகவே எந்த மருந்தைக் கொடுத்தாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடுகிறது.

புறக்கடையில் மருந்து கொடுக்கப்படும் முறை இன்னும் கவலை தருவது. மனிதருக்கான கேப்சூலைப் பிரித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பது பல ஊர்களில் பழகிப்போன காட்சி. எடை தெரியாது, அளவு தெரியாது, இரண்டாம் நாள் கோழி கொத்தத் தொடங்கியதும் மருந்து நின்றுவிடும். பாதி மருந்து, கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடும். முட்டைத்தோடும் சுண்ணாம்பும் கலந்த தீனியோடு டெட்ராசைக்ளின் சேர்ந்தால், சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொண்டு உடலில் ஏறவிடாது. குஞ்சுத் தீவனத்தில் இரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கப்படும் மோனென்சின், சாலினோமைசின் போன்றவற்றோடு டியாமுலின் சேர்ந்தால் கோழி கால் இழுத்துச் சாகக்கூடும். தீவனப் பையின் சீட்டைப் படிக்காமல் அந்த மருந்தைத் தொடக் கூடாது. முட்டையில் தங்கும் மருந்து வீட்டுக் குழந்தையின் தட்டுக்கே வருகிறது.

உலகம் இந்த மருந்துகளிடமிருந்து மெல்ல விலகிவருவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் டைலோசின் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் நிறுத்தியது. கோழிகளுக்கு என்ரோபிளாக்சசின் கொடுப்பதை அமெரிக்கா 2005இல் தடுத்தது. இந்தியா 2019இல் கோலிஸ்டின் என்ற இன்னொரு மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்தது. இவை பண்ணைகளை நோக்கிய முடிவுகள். புறக்கடையில் கொடுக்கப்படும் மருந்து மொத்தத்தில் சிறிய அளவுதான் என்று சொல்வோர் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் மருந்து கொடுத்த கோழியும் மனிதரும் ஒரே வாசலில் புழங்குவது புறக்கடையில்தான்.

தடுப்பூசி எங்கே உதவுகிறது

இந்தக் கிருமிக்கே உயிர்த் தடுப்பூசிகள் உண்டு: பழைய எப் வகை, ஆஸ்திரேலியாவில் உருவான டிஎஸ்-11, அமெரிக்காவின் 6/85. இவை தொற்றை முழுதாகத் தடுப்பதில்லை. முட்டை இழப்பையும் காற்றுப்பைச் சீழையும் குறைக்கின்றன. பல வயதுக் கோழிகள் ஒன்றாக இருக்கும் பெரிய முட்டைப் பண்ணைகளுக்காக, நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போடும் அளவில் குளிர்ப்பெட்டியில் வரும் சரக்கு இது. பத்துக் கோழிக்காக ஒரு குப்பியை உடைப்பது நடக்கிற காரியமில்லை.

புறக்கடையில் உண்மையில் பயன் தருவது வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரு வாரம் இதற்கான கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ராணிப்பேட்டையின் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய தடுப்பூசிகளை நெடுங்காலமாகத் தயாரித்து வருகிறது. வெப்பம் தாங்கும் வகைகளை ஆஸ்திரேலியாவின் ஸ்பிராட்பிரோ தீனி வழியாக ஊர்க்கோழிகளுக்குக் கொடுத்துக் காட்டிய பிறகு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்பது புறக்கடைக்காகவே யோசிக்கப்பட்ட அரிய விடை.

இங்கே ஒரு முரண்பாடும் இருக்கிறது. லசோட்டா போன்ற வெள்ளைக்கழிச்சல் உயிர்த் தடுப்பூசி, ஏற்கெனவே மைக்கோபிளாஸ்மாவைச் சுமக்கும் கோழியின் அடங்கிய இழுப்பைக் கிளப்பிவிடலாம். "ஊசி போட்டாங்க, சளி வந்துடுச்சு" என்ற மனக்குறையை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அதற்கு உயிரியல் காரணம் உண்டு. அதற்காகத் தடுப்பூசியை விட்டுவிட்டால் இழப்பது கொடாப்பு முழுவதையும். இழுக்கும் கோழியை முதலில் தேற்றிவிட்டு, பிறகு கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுவது நடுவழி.

கைவைத்தியத்தின் நிலை

தூதுவளை, துளசி, கற்பூரவள்ளி, மிளகு, பூண்டு, மஞ்சள், சின்ன வெங்காயம். தமிழ்நாட்டில் மனிதச் சளிக்குச் சேரும் கூட்டாளிகளே கோழிக்கும் சேர்கின்றன. பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி தஞ்சாவூரிலிருந்து கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வழியாக மரபு வைத்தியத்தைத் தொகுத்து, அளவு குறித்து, பயிற்சியாக்கினார். மாடுகளின் மடிநோய்க்கான அவரது முறைகளைத் தேசிய பால்வள வாரியமும் எடுத்துக்கொண்டு பரப்பியது. கோழிச் சளியில் இந்த மூலிகைகளுக்குச் சான்று இன்னும் அந்த அளவுக்குத் திரளவில்லை. சோதனைக் குழாயில் கிருமியைத் தடுப்பது வேறு, கோழியின் காற்றுப்பைக்குள் தடுப்பது வேறு. மருந்தைப் பற்றிச் சொன்ன குறை இங்கும் உண்டு: தானாகத் தணியும் இழுப்பில் எந்தக் கஷாயமும் வென்றதாகவே தோன்றும். ஆனால் மிச்சம் தங்காது, கிருமியை மருந்துக்குப் பழக்காது, தின்னாத கோழியைத் தின்ன வைக்கும் என்பவை சிறிய ஆதாயங்கள் அல்ல.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். இழுக்கும் கோழியின் வாயைப் பிளந்து சாற்றை ஊற்றக் கூடாது. நாக்கின் அடியிலேயே மூச்சுத்துளை இருக்கிறது. ஊற்றிய சாறு நேரே நுரையீரலுக்குப் போய்க் கோழி கையிலேயே செத்துவிடலாம். சுண்டைக்காய் அளவு உருண்டையாக்கி விழுங்க வைப்பதே பாதுகாப்பு.

காற்று, தண்ணீர், இடைவெளி

கிருமி இருந்தும் கோழி ஏன் சில வீடுகளில் இழுக்கிறது, சில வீடுகளில் இழுப்பதில்லை? கூட்டுக்குள்ளே பாருங்கள் என்பது கடைசி வாதம். எனக்கு மிக வலுவாகப் படுவதும் இதுதான். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, மூச்சுக்குழலின் உள்ளே சளியைக் கூட்டித் தள்ளும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு அளவிலேயே நெடுநாள் இருந்தால் கோழியின் மூச்சுப்பாதை தளர்வதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மனித மூக்குக்கு நெடி உறைக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். ஆனால் மனிதர் நின்றுகொண்டு முகர்கிறார். கோழி தரையில் படுத்து மூச்சு விடுகிறது.

மழைக்காலத்தில் சாரல் அடிக்காமல் இருக்கக் கொடாப்பின் வாயைச் சாக்கால் மூடி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்துவார்கள். அன்பால் செய்யும் காரியம் அது. அந்தச் சாக்கை விடிகாலையில் விலக்கி, கோழியின் உயரத்துக்குக் குந்தி முகத்தை உள்ளே நீட்டினால் கண் எரியும். சாரலைத் தடுக்கும் மறைப்பு கீழே இருக்கட்டும், மேலே ஒரு சாண் இடைவெளி காற்றுக்கு வேண்டும். எச்சத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை வாரி, அடியில் உலர்ந்த மணலைத் தூவினால் நெடி எழுவது குறையும்.

தண்ணீர்ப் பாத்திரத்தையும் அப்படியே கிட்டத்தில் பார்க்க வேண்டும். சளி பிடித்த கோழி அலகை முக்கி நிமிரும்போது ஒரு மெல்லிய இழை தண்ணீரில் நீண்டு தங்கும். அடுத்து வரும் எட்டுக் கோழிகளும் அதே இடத்தில்தான் முக்குகின்றன. துளையுள்ள மண்சட்டி அந்த வழவழப்பையும் பாசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பளபளப்புப் பூச்சுள்ள பீங்கான் கிண்ணத்தை ஒரு கை சாம்பலால் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாலே சுத்தம். பீங்கானால் பெயர் பெற்ற விருத்தாசலத்துப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

புதிதாக வரும் கோழியை மூன்று வாரம் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதும் இந்த வாதத்தில் அடங்கும். தொற்று வெளித்தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம் என்பதே அதன் கணக்கு. அமைதியாகச் சுமக்கும் கோழியை இது பிடிக்காது என்பது இதன் குறை. கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தெருவில் மேயும் கோழி தெருவின் கிருமியை எடுத்துவரும் என்பது அடுத்த குறை. இந்த வாதம் நோயை நீக்குவதாகச் சொல்லவில்லை. நோயோடு கோழி மூச்சு விட இடம் செய்து தருகிறது.

முடியாத கேள்விகள்

நாட்டுக்கோழிக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி பிறப்பிலேயே உண்டா என்பது முதலில் நிற்கும் கேள்வி. பலர் உண்டு என்கிறார்கள். தாங்குவதும் தடுப்பதும் வேறு வேறு. கிருமியைச் சுமந்துகொண்டு இழுக்காமல் இருக்கும் சிறுவிடை, தன் வீட்டாருக்கு நல்ல கோழி; பக்கத்து வீட்டுக் குஞ்சுகளுக்கு அது கிருமி தரும் கோழி. இதற்கு ஒரு தொலைதூரச் சான்று உண்டு. 1994 வாக்கில் வாஷிங்டன் நகரப் பகுதியில் இந்தக் கிருமி வீட்டுப் பிஞ்ச் எனும் சிறு காட்டுப் பறவைகளுக்குத் தாவிக் கண்களைக் குருடாக்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் அலபாமாவின் பிஞ்ச்கள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள், அதே காலத்தில் கிருமியும் கடுமையாகி வந்ததைக் காட்டின. நம் ஊர்க் கொடாப்புகளில் இந்த இரண்டில் எது முந்துகிறது என்று சொல்ல, சிறுவிடையையும் பெருவிடையையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இழுக்கும் கோழியின் முட்டையை அடைக்கு வைக்காமல் விடுவது மட்டும் ஒரு தெருவில் தொற்றைக் குறைக்குமா என்பது அடுத்தது. ஒரு வீடு செய்தால் குறையாது என்பது ஏறக்குறைய உறுதி. எத்தனை வீடுகள் சேர்ந்தால் குறையும் என்பதுதான் கணக்கு. பிப்ரவரி முகாமுக்கு ஒரு தெருவின் கோழிகளெல்லாம் ஒரே காலையில் ஓரிடத்துக்கு வருகின்றன. அதே காலையில் ஒவ்வொரு கோழியிலும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, எந்தக் கோழி சுமக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்களிடமே சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு அதே தெருவில் மறுபடி எண்ணிப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கும்.